தொட்டுப் பார்த்த சுவர்களும் தொடாத ஒன்றும்

சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "பிரைமர் வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது என் வேலை; இப்படி ஒரு வேலை இருப்பது அதில் சேரும் நாள்வரை எனக்கே தெரியாது.

பழைய சுவருக்கு மறுபடி வண்ணம் அடித்துப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் கேள்வியின் வலி தெரியும். கடைக்காரர் அடிக்க வேண்டும் என்பார். பெயிண்டர் வேண்டாம் என்பார். மைத்துனர் போனில் ஒரு கோட் போதும் என்பார். பக்கத்து வீட்டுக்காரர், தான் அடிக்காமல் விட்டதையும் இன்றுவரை ஒன்றும் ஆகாததையும் வந்து சொல்லிவிட்டுப் போவார். இத்தனை பேரிடம் கேட்டு அடித்து முடித்தபின் அது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. சுவருக்கும் நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். இதில் நீங்கள் ஒருமுறை அவதிப்பட்டிருப்பீர்கள். நான் தினமும் படுகிறேன்.

கடை செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நைனா, அதாவது என் அப்பா, கரும்பு வெட்டப் போகிறவர். வேதியியல் படித்த பெண்ணுக்குப் பெயிண்ட் தெரிந்திருக்கும் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தை பிறக்கும்வரை பார்க்கலாம், அதுவரை நீ எழுதிக் கொடுக்கும் பதில்கள் சரியாக நின்றால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லி, நீளமான ஒரு நோட்டைக் கொடுத்தார். வீட்டுக்காரர் பெயர், எந்தச் சுவர், வேண்டுமா வேண்டாமா, கையெழுத்து. நான் வீடு வந்து சேர்வதற்குள் நைனா தெரு முழுக்க "பொண்ணுக்கு வேல ஆயிடுச்சு" என்று சொல்லி முடித்திருந்தார்.

நீல உள்ளங்கை

முதலாளி சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு இழு இழுக்க வேண்டும். கை சுத்தமாக வந்தால் சுவர் நன்றாக இருக்கிறது. மாவாக ஒட்டிக்கொண்டு வந்தால் அதன்மேல் அடிக்கும் எதுவும் நிற்காது, முதலில் பிரைமர் வேண்டும். இந்தப் பாடத்தோடு நான் போன முதல் வீடு, சிங்கவரம் போகும் வழியில் ஒரு பஸ் கண்டக்டருடையது. அவரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையை வைத்து இழுத்தேன். உள்ளங்கை முழுக்க வான நீலம். ரேகைகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. கல் மாதிரி நின்றுகொண்டிருந்த ஒன்று, தொட்டதும் இவ்வளவு மென்மையாக என் கையோடு வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எதையோ கண்டுபிடித்துவிட்டவள் போல நீலக் கையை நான்கு பேருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கண்டக்டர் திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினார். சட்டையில் இரண்டு தோள்பட்டையிலும் அதே நீலம்.

"வூட்டுல சாய்ஞ்சு உக்காந்தா டெய்லி இப்டித்தாம்மா இருக்குது. இதக் கண்டுபுடிக்க ஒரு டிகிரியா?"

ரோஸுக்குக் கீழே

கை சுத்தமாக வந்தாலும் சில சுவர்களை நம்பக் கூடாது. மேல் பூச்சு இறுக்கமாக இருக்கும், அடியில் இருப்பது விட்டுப்போயிருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு இடத்தைப் பட்டித் தகட்டால் சுரண்டி, ஓரங்களை உப்புத் தாளால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு மாடி வீட்டில் அப்படித் தேய்த்தபோது, வட்டத்துக்குள் வட்டமாக நிறங்கள் வரத் தொடங்கின. மேலே சந்தன நிறம், அதற்குள் வெளிர் பச்சை, அதற்குள் ஊதா, அதற்குள் ரோஸ்.

அந்த வீட்டு அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து என் தோளை ஒட்டி நின்றுவிட்டார். "பச்சைல பெரியவன் காது குத்து. ஊதா இவரு வாங்கியாந்தது, எனக்குப் புடிக்கவே புடிக்காது, ரெண்டு வருஷம் பொறுத்துகிட்டேன். ரோஸ்ல தனிக்குடித்தனம் ஆனோம்." ஒரு விரல் அகலத்துக்குள் ஒரு குடும்பமே இருந்தது. சுவரில் இதெல்லாம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. நான் மயங்கிப்போய் இன்னும் தேய்த்தேன். ரோஸின் நடுவில் சுண்ணாம்பு வெள்ளை எட்டிப் பார்த்தது. அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"அந்த ரோஸோட நிறுத்துமா. அதுக்குக் கீழ போனா எங்கண்ணன் பங்கு கேட்டு வந்துடுவான்."

ஏரி ஏறிய சுவர்

பனமலையில், ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விவசாயி வீடு. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, வெள்ளை உப்புப் பூத்திருந்தது. ஒரு சதுரம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சுவர் தானாக வியர்த்திருந்தது. நான் தாளைப் பிரிக்க மனமில்லாமல் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏரி ரொம்பினா எங்க வூட்டுக்குள்ளயும் ஒரு முழம் ஏறும். கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார் விவசாயி, மாடு கன்று போட்டதைச் சொல்வது போல.

ஈரம் உள்ளே இருக்கும்போது பிரைமர் அடித்தால் பிரைமரையும் சேர்த்துத்தான் தள்ளும். நோட்டில் "வேண்டும்" என்றும் எழுத முடியவில்லை, "வேண்டாம்" என்றும் எழுத முடியவில்லை. ஏரி இறங்கும்வரை எதுவும் அடிக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து அதையே முதலாளியிடமும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பிரைமர் வேணுமா வேணாமான்னு பாக்கத்தாம்மா உன்ன அனுப்புனேன். நீ பெயிண்ட்டே வேணாம்னு சொல்லிட்டு வந்து நிக்கிற."

ஒரே தோல்

ஏழுமலை எங்கள் கடை வேலைகளை எடுத்துச் செய்யும் பெயிண்டர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பிரைமர் என்றால் அவருக்குக் கூடுதலாக ஒரு நாள் வேலை, அதனால் என்னைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். அவரே அசந்துபோன நாள் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் சுண்ணாம்புச் சுவர்மேல் நேராக எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். யார் அடித்தார்களோ தெரியவில்லை, பிரைமர் கிடையாது. மூலையில் நகம் அளவுக்கு ஒரு பிசிறு தூக்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை அதை விரலால் பிடித்து இழுத்தார்.

அது அறுபடவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் ஏணியில் ஏறினார், நான் கீழே பிடித்துக்கொண்டேன், கூரையிலிருந்து தரைவரை ஒரே துண்டாகச் சுவரின் தோல் எங்கள் இரண்டு பேர் கையிலும் வந்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் சுண்ணாம்பின் மேடு பள்ளம், பழைய ஆணி ஓட்டை எல்லாம் அச்செடுத்தது போல இருந்தது. இத்தனை வருடம் இந்தப் பெயிண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவே இல்லை, சும்மா பக்கத்தில் நின்றிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழுமலை அதை மடித்துத் தரையில் வைத்தார். வீட்டுக்கார அம்மா காலால் தள்ளிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்குது. தூக்கிப் போட்டுடாதீங்க, மாட்டுக் கொட்டாய்க்கு மறப்பு கட்டிக்கிறேன்."

பாறைக்கும் ஒரு கோட்

அந்தத் தோலைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் நாளைக்கு இதுவும் இப்படி ஏணிமேல் இருந்து உரிந்து வரும் என்று தோன்றும். நல்ல சுவருக்கும் "வேண்டும்", சுமாரான சுவருக்கும் "வேண்டும்". கை சுத்தமாக வந்தால் டேப் ஒட்டிப் பார்ப்பேன். டேப் சுத்தமாக வந்தால் சுரண்டிப் பார்ப்பேன். சுரண்ட முடியாவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று "வேண்டும்" போடுவேன். வேண்டும் என்று எழுதினால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதே. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்: தப்பு செய்யாமல் இருப்பதற்கு எளிய வழி, ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பது.

முதலாளி நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல். "இதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வெச்சா போதுமே, நீ எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. பயந்துகொண்டு சொல்லும் பதில் தனக்கு வேண்டாம், தை மாதத்துக்குள் வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலை, வாசலுக்கு எதிரே தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலையைத் தாடையால் காட்டினார்.

"இந்தப் பொண்ண ஒருநா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க மொதலாளி. அந்தப் பாறைக்கும் ஒரு கோட் எழுதிக் குடுத்துட்டு வரும்."

முதல் "வேண்டாம்"

என் முதல் "வேண்டாம்" ஒரு வாத்தியார் வீட்டில் நடந்தது. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். ஐந்து வருடத்துக்கு முன் முறையாக அடித்த சுவர், இப்போதும் அதே நிறம்தான் கேட்டார்கள். உள்ளங்கை சுத்தமாக வந்தது. டேப் சுத்தமாக வந்தது. தண்ணீர் தெளித்தேன், குடிக்காமல் வழிந்து இறங்கியது. சுரண்டினேன், தகடுதான் வழுக்கியது. ஒரு மணி நேரம் நான்கு அறையும் சுற்றி வந்தேன். எனக்கு அந்தச் சுவர்கள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. தங்களிடம் ஒப்படைத்ததை அப்படியே வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தன.

"வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு நேராக இரண்டு கோட் அடித்தால் போதும் என்று சொன்னேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடையிலிருந்து வந்த ஆள் ஒரு பொருளை வாங்காதீர்கள் என்று சொல்வதை அவர்களால் ஏற்கவே முடியவில்லை. டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஒளிக்காமச் சொல்லுங்க, உங்க கடையில பிரைமர் ஸ்டாக் இல்லயா?"

வாசலில் நின்று

இரண்டாவது "வேண்டாம்" தான் இந்த எல்லாக் கதைக்கும் காரணம். மேல்மலையனூர் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிச் சரோஜா அக்கா வீடு. மகளுக்குக் கல்யாணம், மார்கழி பிறப்பதற்குள் நாள் குறித்திருந்தார்கள். கூடமும் இரண்டு அறைகளும் பார்த்தேன், நல்ல சுவர்கள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். எனக்கே என்மேல் நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. கடைசியாகச் சாமி அறை. அங்காளம்மனை வைத்துக் கும்பிடும் சுவர். அதில் வருடக்கணக்காகக் கை அகலத்துக்கு மஞ்சள் பூசி, நடுவில் மூன்று குங்குமப் பொட்டு வைத்து வந்திருக்கிறார்கள். வண்ணம் அடிப்பதற்காக முந்தின நாள்தான் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்திருந்தார்கள்.

அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. அடுத்தவர் வீட்டுச் சாமி அறைக்குள் அந்த நாளில் காலெடுத்து வைக்க என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டிலேயே வைத்ததில்லை. சொல்லவும் கூச்சம். ஏழுமலையைப் பார்க்கச் சொல்லலாம் என்றால், ஏன் நீ பார்க்கவில்லை என்று கேட்பார். மறுநாள் காலை வேலை தொடங்குகிறார்கள், மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றும் சொல்ல முடியாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்று, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். சுவர் சுத்தமாகத்தான் தெரிந்தது. உள்ளே ஊறிப்போன மஞ்சளும் விளக்கின் எண்ணெயும் ஐந்தடி தூரத்தில் இருந்து தெரியாது. "வேண்டாம்" என்று எழுதினேன். நான் உள்ளே வராததைப் பார்த்துக்கொண்டிருந்த சரோஜா அக்கா, மகளிடம் திரும்பி மெச்சிக்கொண்டார்.

"பாருடி, படிச்ச பொண்ணு. நம்ம சாமி ரூமுக்கு எவ்ளோ மரியாத குடுக்குது."

சிவப்பாக வந்தது

வேலை முடிந்து மூன்றாம் நாள் காலை ஏழுமலை போன் செய்தார். "பாப்பா, கெளம்பி வா. உன் சுவரு பேசுது." அன்று அமாவாசை. மேல்மலையனூர் சிறப்புப் பேருந்தில் நிற்க இடமில்லாமல் நின்றுகொண்டு போனேன். சரோஜா அக்கா வீட்டு வாசலில் முன்பின் தெரியாத செருப்புகள் குவிந்து கிடந்தன. கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கி வந்தவர்கள் சாமி அறை முன்னால் கூடி நின்றிருந்தார்கள். கற்பூர வாசனை.

இந்த முறை உள்ளே போக எனக்குத் தடையில்லை. போனேன். வெண்ணெய் நிறத்தில் இரண்டு கோட் அடித்த சுவரில், நெஞ்சு உயரத்தில், கை அகலத்துக்கு ஒரு தீற்றல் எழுந்து வந்திருந்தது. அதன் நடுவில் மூன்று பொட்டு. பூசியபோது மஞ்சளாக இருந்தது இப்போது சிவந்திருந்தது. புதுப் பெயிண்டில் காரம் உண்டு; காரத்தில் மஞ்சள் சிவக்கும், ஆறாம் வகுப்பிலேயே தாளில் தடவிப் பார்த்திருக்கிறேன். அது தெரிந்தும் என் கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன. ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. கழுவித் துடைத்து இரண்டு முறை மூடிய பிறகும், யாரோ ஒருத்தி தினமும் தடவிய அந்த விரல்களின் போக்குகூட மாறாமல் அப்படியே வந்து நின்றிருந்தது.

எனக்கு முன்னால் மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் நல்லது கெட்டது முடிவு செய்வது அவர்தான் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மஞ்சளா வெச்சவ செவப்பா வந்து நிக்கிறா. கோவம் இல்லாம செவக்க மாட்டா. கல்யாணத்த தை மாசத்துக்குத் தள்ளுங்க, அவளுக்கு செய்ய வேண்டியத செஞ்சிட்டு அப்புறம் பேசலாம்."

கொல்லைப்புறம்

தெருவுக்கு வந்து முதலாளிக்குப் போன் செய்தேன். யாராவது குறை சொன்னார்களா என்று கேட்டார். இல்லை, கும்பிடுகிறார்கள் என்றேன். "அப்ப வாய வெச்சுகிட்டு சும்மா இரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பேசாமல் இருந்தால் என் "வேண்டாம்" நோட்டில் அப்படியே இருக்கும். அதை யாரும் தப்பு என்று சொல்லப் போவதில்லை. தை பிறக்கும், வேலை எனக்கு. பேசினால், கையெழுத்துப் போட்ட பதில் பொய் என்று நானே சொன்னதாகும். திரும்பி உள்ளே வந்தபோது கல்யாணப் பெண் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரோஜா அக்காவைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சுவருக்குக் கறையை அடைக்கும் பிரைமர் அடித்திருக்க வேண்டும், தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்றால் இதனால்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அத அன்னிக்கே வாசப்படில நின்னு என் காதுல சொல்லியிருந்தா, நானே உள்ள போயி தேய்ச்சு கையக் காட்டியிருப்பேனேடி. இதுக்கூட தோணலன்னா இன்னாத்த காலேஜ்ல படிச்ச?"

தாம்பாளம்

சரோஜா அக்கா சமையலறைக்குள் போய் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு நடுவில் அத்தையின் முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் தூளைக் கொட்டிக் கலக்கினார். வெற்றிலைப் பெட்டியில் இருந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து உள்ளே விட்டார். தண்ணீர் சிவந்தது. "அண்ணி, இந்தப் பொண்ணு பெயிண்ட் கடையில இருந்து வந்திருக்குது. நம்ம சுவத்துல மஞ்ச ஊறிப்போயி இருந்துது, இது சரியா பாக்காம விட்டுடுச்சு. அதுவே வந்து ஒத்துக்குது" என்றார். ஏன் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அதை அவரிடமே வைத்துக்கொண்டார்.

அத்தை என்னைப் பார்த்து, "நெசமாவா?" என்றார். "ஆமாங்க. ஒரு கோட் பிரைமர் அடிச்சிருந்தா மேல வந்திருக்காது. என் தப்புதான்" என்றேன். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அத்தை அதற்குத் திரும்பவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி தாம்பாளத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. அவர் தாம்பாளத்தைக் கையில் எடுத்தபோது, தூக்கி ஊற்றிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, சமையலறைக் கதவோரம் நின்றிருந்த பெண்ணை வரச் சொன்னார்.

"இது ஆரத்தித் தண்ணி. அப்ப அவ கோவத்துல வரல, பொண்ணுக்கு ஆரத்தி எடுக்க மொத ஆளா வந்து நிக்கிறா. தேதிய எவனும் மாத்தக் கூடாது."

மூன்றாவது கட்டம்

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அந்தச் சுவரை நாங்களே திருத்தி அடித்துத் தருகிறோம் என்றேன். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார் சரோஜா அக்கா. ஏழுமலைக்கு மட்டும்தான் கொஞ்சம் வருத்தம். தான் அடித்த வெண்ணெய் நிறத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்றார்.

அன்று மாலையே கடையில் நோட்டைத் திறந்து, "வேண்டாம்" என்பதை அடித்துவிட்டு, "வேண்டும். நான் தொட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டு முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். "பாக்கத்தான போன, ஏன் தொடல?" என்று கேட்டார். "அன்னிக்கு சாமி ரூமுக்குள்ள போற நெலமைல நான் இல்லீங்க" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சட்டென்று எழுந்து போய், நேராகவே இருந்த பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் நகர்த்தி நகர்த்தி நேராக வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்வதற்குத்தான் இப்படித் திரும்பி நிற்கிறார் என்று நான் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன்.

"தை மாசத்துக்கு நீ புது நோட்டு போடும்போது, வேணும் வேணாம்னு ரெண்டு கட்டத்தோட நிறுத்தாத. மூணாவதா 'தொடல'ன்னு ஒரு கட்டம் போட்டுக்க. காரணம் எழுத வேணாம், நான் கேக்க மாட்டேன்."

ஆக, உங்கள் வீட்டுச் சுவருக்கு பிரைமர் வேண்டுமா என்று கேட்டால் இன்றும் என்னால் உடனே சொல்ல முடியாது, ஆனால் எந்தச் சுவர் முன்னால் நின்று நான் தயங்குகிறேனோ அந்தச் சுவருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை மட்டும் தொடாமலே சொல்லிவிடுவேன்.